பொங்கல் மெயில் எல்லாம் ஸ்பேமில் கிடக்கிறது. வாடிக்கையாளருக்கு எப்படித்தான் எழுதுவது?

தறிவீடு | காரைக்குடி | 18 ஜனவரி 2026, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கண்டாங்கிச் சேலை நெசவு. அப்பாவும் அண்ணனும் தறியில் இருக்கிறார்கள், விற்பனையை ஐந்து வருஷமாக நான் பார்க்கிறேன். 2019-ல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர், வெளிநாடு என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். விற்பனைக்கு நான் வந்ததிலிருந்து மெயில் முகவரி சேர்த்து வருகிறேன். வாங்கியவர்கள், கண்காட்சியில் நோட்டில் எழுதிக் கொடுத்தவர்கள், தெரிந்தவர் ஒருவர் கொடுத்த லிஸ்ட், எல்லாம் சேர்த்துச் சுமார் 1,900 இருக்கும்.

பொங்கல், சித்திரை, ஆடி, தீபாவளி என்று வருஷத்துக்கு நாலு தடவை எல்லோருக்கும் ஒரே மெயில். ஒரு போஸ்டர் செய்து சேலைப் படம், விலை, தள்ளுபடி எல்லாம் அதற்குள்ளேயே எழுதிவிடுவேன். ஒரு மெயில் சர்வீஸ் வழியாக, என் ஜிமெயில் முகவரியிலிருந்தே போகும். இந்தப் பொங்கலுக்கு வந்தது ஒரே ஓர் ஆர்டர். சித்தி பையன் போனை வாங்கிப் பார்த்தால் என் மெயில் ஸ்பேமில் கிடக்கிறது, சப்ஜெக்டில் தமிழ் பாதியில் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது.

இறங்கிய சேலை விற்றால்தான் அடுத்த பாவுக்கு நூல் எடுக்க முடியும். மெயிலை விட்டுவிடலாமா, இல்லை நான் செய்வதில்தான் தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நெல்மணி | தஞ்சாவூர் | 18 ஜனவரி, இரவு 9.40

அக்கா, என் அனுபவத்தைச் சொல்கிறேன். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி விற்கிறேன். மெயிலை யார் திறக்கிறார்கள்? எனக்கு எல்லாமே வாட்ஸ்அப்தான். நெல் அரைத்து வந்த அன்று காலையில் ஒரு படம் போட்டால் சாயங்காலத்துக்குள் பாதி மூட்டை போய்விடும். மெயிலுக்குச் செலவழிக்கும் நேரத்தை அதில் போடுங்கள்.


சர்வர்தம்பி | கோவை | 18 ஜனவரி, இரவு 11.05

அக்கா, காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. அனுப்புநர் என்று போட்டிருப்பது ஜிமெயில் முகவரி. ஆனால் மெயிலைக் கொண்டுவந்து கொடுப்பது வேறொரு கம்பெனியின் சர்வர். 'ஜிமெயில் பேரில் அனுப்ப இந்த சர்வருக்கு யார் அனுமதி கொடுத்தது?' என்று வாங்குகிற பக்கம் கேட்கும். பதில் இல்லை, ஸ்பேமுக்குத் தள்ளிவிடும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் ரொம்பக் கறார். ஒரு நாளில் 5,000 ஜிமெயில் முகவரிகளுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு விதிகள் கூடுதல், ஆனால் ஜிமெயில் பேரைப் போட்டு வேறிடத்திலிருந்து அனுப்பக் கூடாது என்பது சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் பொது.

சொந்தமாக ஒரு டொமைன், அதாவது இணையத்தில் உங்களுக்கே உரிய ஒரு பெயர், வாங்குங்கள். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும். அதன் டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது அந்தப் பெயருக்கான அமைப்புகள் இருக்கும் இடத்தில், மூன்று பதிவு போட வேண்டும். என் பேரில் இன்னின்ன சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலின் மேலும் விழும் முத்திரை டிகிம், வழியில் யாரும் கை வைக்கவில்லை என்று அது காட்டும். இந்தச் சோதனையில் தேறாமல் என் பேரில் ஒரு மெயில் வந்தால் அதை என்ன செய்யலாம் என்று நாம் சொல்லி வைப்பது டிமார்க். மூன்றுக்கும் என்ன எழுத வேண்டும் என்று உங்கள் மெயில் சர்வீஸே தரும், காப்பி செய்து ஒட்டினால் போதும். பிறகு உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். ஜிமெயிலில் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தால் மூன்றுக்கும் நேராக 'பாஸ்' என்று இருக்க வேண்டும். இதைக் கம்ப்யூட்டரில்தான் பார்க்க முடியும், போன் ஆப்பில் வராது.

சப்ஜெக்ட் உடைவதற்குக் காரணம் வேறு. தமிழ் சப்ஜெக்ட் வரி ஆங்கில எழுத்துக் குறியீடாக மாறி, துண்டு துண்டாகக் கட்டப்பட்டுத்தான் போகும், ஒரு துண்டு அந்தக் குறியீட்டில் 75 எழுத்துக்கு மேல் நீளக் கூடாது. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கொ' என்பது க-வும் கொம்புக்காலும் சேர்ந்து 6 பைட். சரியாக எழுதப்படாத சாஃப்ட்வேர் இந்தக் கணக்குத் தெரியாமல் ஒரு எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். வெட்டுப்பட்ட இடத்தில்தான் கட்டம் வருகிறது. சப்ஜெக்டை நாலைந்து சொல்லில் முடித்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. போன் திரையிலும் அவ்வளவுதான் தெரியும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். தெரிந்தவர் கொடுத்த லிஸ்ட்டை இன்றைக்கே அழித்துவிடுங்கள். உங்களை யாரென்றே தெரியாதவர் ஸ்பேம் பட்டனைத்தான் அழுத்துவார். அந்தப் புகார் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது என்கிறது கூகுள், 0.1-க்குள் இருந்தால்தான் நல்லது. ஆயிரம் பேருக்கு அனுப்பி மூன்று பேர் அழுத்தினால் எல்லையைத் தொட்டாயிற்று. அதன் பிறகு உங்களிடம் ஆசையாகச் சேலை வாங்கியவருக்கும் மெயில் போய்ச் சேராது.


தறிவீடு | 19 ஜனவரி, காலை 6.30

தம்பி, ரொம்ப நன்றி. இத்தனை நாள் இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. அந்த லிஸ்ட்டில் 1,100 பேர் இருந்தார்கள், இப்போதுதான் அழித்தேன். கையில் இருந்த ஏதோ போன மாதிரி இருக்கிறது, ஆனாலும் நீங்கள் சொல்வது புரிகிறது. டொமைன் வேலையை இந்த வாரம் முடிக்கிறேன்.

நெல்மணி தம்பி, வாட்ஸ்அப்பும் செய்கிறேன். ஆனால் பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு 256 பேர்தான், அதிலும் என் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போகும். வருஷத்துக்கு ஒரு சேலை வாங்குகிறவர் நம்பரைச் சேமிப்பதில்லை.


சந்தாமேசை | மதுரை | 19 ஜனவரி, காலை 10.20

அம்மா, சிறுவர் மாத இதழ் ஒன்றின் சந்தா வேலையைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் தபால் அட்டை, இப்போது மெயில். தம்பி சொன்னதெல்லாம் மெயில் போய்ச் சேர்வதற்கான வழி. போய்ச் சேர்ந்த பிறகு அவர் ஏன் படிக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். இந்த ஐந்து வருஷத்தில் நீங்கள் அனுப்பியதில் எந்த மெயிலுக்கு அதிகம் பேர் பதில் எழுதினார்கள்?


தறிவீடு | 19 ஜனவரி, மதியம் 2.15

ஐயா, கேட்டதும் எனக்கு ஒரே ஒரு மெயில்தான் ஞாபகம் வந்தது. அது போஸ்டர் மெயில் இல்லை.

போன ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் 800 டாலர் வரைக்கும் பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை 29-ம் தேதியிலிருந்து எடுத்தார்கள் அல்லவா. அதற்கு முன்பே, 25-ம் தேதியிலிருந்து, இங்கே தபாலில் அமெரிக்கப் பார்சல் எடுப்பது நின்றுவிட்டது. என்னிடம் 11 பேர் பணம் கட்டியிருந்தார்கள். சேலையெல்லாம் மடித்து, துணிப்பையில் போட்டு, விலாசம் ஒட்டித் தயாராக இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் மூன்று வாரம் பேசாமல் இருந்துவிட்டேன். அதை இன்னமும் தப்பு என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஒரு ராத்திரி உட்கார்ந்து 11 பேருக்கும் தனித்தனியாக எழுதினேன்:

'வணக்கம். உங்கள் கருப்புக் கட்டம் சேலை தயார். பையில் போட்டு என் மேசை மேல் வைத்திருக்கிறேன். அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதை நிறுத்தியிருக்கிறார்கள், எப்போது தொடங்கும் என்று தெரியவில்லை. இதை மூன்று வாரம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். பணத்தைத் திருப்பி அனுப்பட்டுமா, காத்திருக்கிறீர்களா, இல்லை இந்தியாவில் உங்கள் சொந்தக்காரர் யாருக்காவது அனுப்பட்டுமா? ஒரு வரி எழுதினால் போதும்.'

படம் இல்லை, ஒன்றும் இல்லை. 11 பேரும் பதில் போட்டார்கள். இரண்டு பேர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், மூன்று பேர் அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். அக்டோபர் 15-ல் வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டி அனுப்பும் முறை வந்ததும் மறுபடி எழுதிக் கேட்டேன், வரியோடு சம்மதித்தவர்களுக்கு அனுப்பிவிட்டேன். அதில் ஒருவர் தன் மருமகளுக்கும் ஒன்று கேட்டு எழுதினார்.


சந்தாமேசை | 19 ஜனவரி, மதியம் 3.50

நீங்கள் கேட்டு வந்த பாடம் உங்கள் கையிலேயே இருக்கிறதம்மா. அந்த மெயிலில் அவருடைய சேலை இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று இருக்கிறது, அடுத்து அவர் என்ன செய்யலாம் என்று இருக்கிறது. போஸ்டரில் உங்கள் கடை மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் இடத்திலும் இதே கதை. 'உங்கள் சந்தா முடியப் போகிறது, உடனே புதுப்பிக்கவும்' என்று முன்பு அனுப்புவோம், யாரும் அசைய மாட்டார்கள். பிறகு மாற்றி எழுதினோம்: 'மார்ச் இதழோடு உங்கள் சந்தா முடிகிறது. இன்னும் இரண்டு இதழ் வரும். தொடர வேண்டுமானால் தொகை இவ்வளவு. வேண்டாமென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், தானாக நின்றுவிடும்.' அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்க்க ஆசிரியர் முதலில் தயங்கினார். சேர்த்த பிறகுதான் பதில்கள் வர ஆரம்பித்தன. 'பிள்ளை பெரியவனாகிவிட்டான், அவன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்' என்று எழுதினார்கள். முகவரி மாறியதைச் சொன்னார்கள். இதழ் அச்சில் தாமதமானால், அவர்கள் கேட்பதற்கு முன் நாங்கள் எழுதிவிடுவோம். தாமதத்துக்குக் கோபப்படுகிறவர்கள் குறைவு, சொல்லாமல் விட்டால்தான் கோபம்.


மேப்பிள்தெரு | ரொறொன்ரோ | 19 ஜனவரி, இரவு 8.05

வணக்கம் தங்கச்சி. நான் இஞ்ச வாசிக்கிறதோட சரி, எழுதுறது குறைவு. வாங்கிற ஆள் எண்ட முறையில சொல்லுறன். எனக்கு ஊரில இருந்து சேலைக்கடை, நகைக்கடை, பலகாரக்கடை எண்டு நிறைய மெயில் வருகுது. நான் கேட்டு எழுதிக் குடுத்த கடை எது, கேக்காமல் அனுப்புற கடை எது எண்டு எனக்கு நல்லாத் தெரியும். கேக்காமல் அனுப்பினால் திறக்கவே மாட்டன்.

நிப்பாட்டச் சொல்லுற இடத்தைக் கீழ தேடித் தேடிப் பாத்தும் இல்லையெண்டால் வேற வழியில்லை, ஸ்பாம் எண்டுதான் அமத்துவன். கனடாவில 2014 ஜூலையில இருந்து இதுக்கெண்டு சட்டமே இருக்கு. ஒராள் உங்களிட்ட வாங்கினால் இரண்டு வருஷத்துக்கு எழுதலாம், அதுக்குப் பிறகு அவையின்ர சம்மதம் வேணும். அனுப்புறவர் ஆர், தபால் விலாசம் என்ன எண்டும் போடவேணும். வெளிநாட்டில இருந்து எங்களுக்கு அனுப்புறவைக்கும் அது பொருந்தும்.

இன்னொண்டு. 'இந்த மெயிலுக்குப் பதில் எழுத வேண்டாம்' எண்டு சில கடை போடுகினம். காசு குடுத்து வாங்கின ஆளிட்டக் கதைக்காதை எண்டு சொன்ன மாதிரி இருக்கு. அது மட்டும் செய்யாதேங்கோ.


செவிவழி | திருச்சி | 20 ஜனவரி, காலை 7.45

எனக்குப் பார்வை இல்லை, போனில் திரைவாசிப்பான் வைத்துத்தான் எல்லாம் படிக்கிறேன். போஸ்டர் மெயில் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுத்தையெல்லாம் படத்துக்குள் வைத்தால் என் போன் 'படம்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். சேலையா, சாவு அறிவிப்பா என்றே தெரியாது. எழுத்தை எழுத்தாக அனுப்புங்கள். படத்துக்கு மாற்று உரை எழுத ஒரு பெட்டி இருக்கும், அதில் 'சேலை படம் 1' என்று போடாமல் சேலையைச் சொல்லுங்கள்.

என் மனைவிக்கும் பார்வை இல்லை. சேலை அவளே தொட்டுப் பார்த்துத்தான் எடுப்பாள். மெயிலில் கரை எத்தனை விரல் அகலம், துணி கனமா லேசா, கஞ்சி போட்டதா, கட்டம் கையில் தட்டுப்படுமா என்று எழுதியிருந்தால் அவளுக்குச் சேலை வந்துவிடும். கண் தெரிகிறவர்களுக்கும் அது உதவும் என்று நினைக்கிறேன்.


சர்வர்தம்பி | 20 ஜனவரி, காலை 9.30

செவிவழி அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெறும் படமாக வரும் மெயிலை ஸ்பேம் வடிகட்டிகளும் சந்தேகமாகத்தான் பார்க்கும். இன்னொரு பக்கம், வேர்டில் எழுதி அப்படியே காப்பி செய்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத குப்பை எல்லாம் கூட வரும். மெயில் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். நிறுத்துவதற்கான லிங்க் கடைசியில்தானே இருக்கும், வெட்டுப்படுவது அதுதான். அதைக் காணாமல்தான் மேப்பிள்தெரு அக்கா மாதிரி ஆட்கள் ஸ்பேம் பட்டனுக்குப் போகிறார்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கையும் நம்பாதீர்கள். மெயிலில் இருக்கும் படம் இறங்கியதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். 2021-லிருந்து ஆப்பிள் மெயிலில் ஆள் திறக்காமலேயே படங்களை முன்கூட்டி இறக்கிவிடும் வசதி வந்துவிட்டது, அதுவும் 'திறந்தார்' என்றே பதிவாகும். பதில் எத்தனை, ஆர்டர் எத்தனை, அதை எண்ணுங்கள்.


நெல்மணி | 20 ஜனவரி, மாலை 5.10

படித்துக்கொண்டே வருகிறேன். ஒரு நியாயமான சந்தேகம். 11 பேருக்குத் தனித்தனியாக எழுதலாம், 800 பேருக்கு எப்படி எழுதுவது? அக்காவுக்குப் பார்சல் கட்டும் வேலையே இருக்கிறது.


சந்தாமேசை | 20 ஜனவரி, மாலை 6.40

நல்ல கேள்வி தம்பி. நாங்கள் சந்தாதாரர் பதிவேட்டைப் பிரித்து வைத்திருக்கிறோம். புதிதாகச் சேர்ந்தவர், இரண்டாம் வருஷம் தொடர்கிறவர், நின்று போனவர், பள்ளிக்கூடங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கடிதம், எழுதும்போது மட்டும் அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரை மனதில் வைத்து எழுதுவேன். பள்ளிக்கூடக் கடிதத்தை மேலூரில் இருக்கும் ஒரு டீச்சரம்மாவை நினைத்துத்தான் எழுதுகிறேன். பேர் அடிப்பதை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

தறிவீட்டம்மா, உங்களிடம் யார் எப்போது என்ன சேலை வாங்கினார் என்ற கணக்கு இருக்கிறதா?


தறிவீடு | 20 ஜனவரி, இரவு 10.00

பில் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது ஐயா. இரண்டு நாளாக எக்ஸெலில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கடந்த இரண்டு வருஷத்தில் வாங்கியவர்கள் மட்டும் 212 பேர். முதலில் இவர்களுக்கு மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன். கண்காட்சி நோட்டில் இருப்பவர்களுக்கு, 'தொடர்ந்து எழுதலாமா?' என்று ஒரே ஒரு மெயில் போட்டு, சரி என்று சொன்னவர்களை வைத்துக்கொள்கிறேன். வரைவு இது, திருத்திக் கொடுங்கள்:

சப்ஜெக்ட்: அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு எங்களின் புத்தம் புதிய கண்டாங்கிச் சேலைகள் அறிமுகம்

'அன்பார்ந்த வாடிக்கையாளருக்கு வணக்கம். பாரம்பரியம் மிக்க செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலைகள் நேரடியாக நெசவாளரிடமிருந்து உங்கள் இல்லம் தேடி வருகின்றன. அரக்கு, கருப்பு வண்ணங்களில் புதிய சேலைகள் வந்துள்ளன. முந்துங்கள்.'


சந்தாமேசை | 21 ஜனவரி, காலை 9.15

அமெரிக்காக்காரர்களுக்கு எழுதிய கை இதை எழுதவில்லை அம்மா. இது பழைய போஸ்டர்தான், படம் மட்டும் இல்லை. 'வந்துள்ளன' என்றால் எத்தனை? 'முந்துங்கள்' என்றால் எதற்கு? அன்று ராத்திரி எழுதிய மாதிரியே எழுதுங்கள்.


தறிவீடு | 21 ஜனவரி, இரவு 9.30

திரும்ப எழுதினேன்.

சப்ஜெக்ட்: அரக்குக் கட்டம், 6 சேலை

'வணக்கம். போன தீபாவளிக்கு நீங்கள் எங்களிடம் மஞ்சள் கட்டம் கண்டாங்கி வாங்கினீர்கள். அரக்கும் கருப்பும் கலந்த கட்டத்தில் 6 சேலை இந்த வாரம் தறியிலிருந்து இறங்கியது. பருத்தி, ஐந்தரை மீட்டர். கரை இரண்டு பக்கமும் நான்கு விரல் அகலம். கையில் எடுத்தால் கனம் தெரியும், இரண்டு துவையலுக்குப் பிறகு இளகும். விலை கீழே இருக்கிறது, தபால் செலவு அதில் சேர்ந்தது. வேண்டுமென்றால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள், நான்தான் படிப்பேன். போன முறை வாங்கிய சேலை எப்படி இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள், அப்பா கேட்கச் சொன்னார்.'

கீழே எங்கள் தபால் விலாசம், நிறுத்துவதற்கான லிங்க். வாங்கிய சேலையின் பெயர் ஆளுக்கு ஆள் மாறும்படி போட்டுவிட்டேன்.


மேப்பிள்தெரு | 21 ஜனவரி, இரவு 10.50

இது நல்லாயிருக்கு தங்கச்சி. எண்டைக்குத் தபாலில போடுவீங்கள் எண்டும் எழுதிவிடுங்கோ. தூர இருக்கிற ஆக்களுக்கு அதுதான் யோசனை.


தறிவீடு | 8 பிப்ரவரி, மதியம் 1.20

இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. டொமைன் வாங்கி, மூன்று பதிவும் போட்டு, 'ஷோ ஒரிஜினல்' பார்த்தேன், மூன்றும் பாஸ். 212 பேருக்கு அனுப்பி இன்றோடு பத்து நாள். 4 சேலை போனது, 2 இன்னும் இருக்கிறது. 9 பேர் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்திவிட்டேன். 37 பேர் பதில் எழுதியிருக்கிறார்கள்.

அதில் இரண்டு பதில்களை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் போன வருஷம் சித்திரையில் கருப்புக் கட்டம் வாங்கியவர்கள். முதல் துவையலில் சாயம் இறங்கி, கூடப் போட்ட வெள்ளைத் துணியெல்லாம் பாழ் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர், 'சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், உங்கள் மெயிலில் எங்கே சொல்வதென்று தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய் அந்த மாதம் எடுத்த கருப்பு நூல் கண்டு ஒன்றைத் தேடி எடுத்து, ஈர வெள்ளைத் துணியில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். துணி கறுத்துவிட்டது. அந்த நூலில் நெய்த சேலைகள் 14. யாரிடம் இருக்கிறது என்று எக்ஸெலில் பார்த்து, மற்ற 12 பேருக்கும் நேற்றே எழுதிவிட்டேன். மாற்றிக் கொடுப்பதாக 14 பேருக்கும் சொல்லியிருக்கிறோம்.

சர்வர்தம்பிக்கு ஒரு கேள்வி. சேலை கைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், 'முதல் தடவை தனியாக, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், நிழலில் காய வையுங்கள்' என்று ஒரு மெயில் தானாகப் போகிற மாதிரி வைக்க முடியுமா?


சர்வர்தம்பி | 8 பிப்ரவரி, மாலை 4.00

முடியும் அக்கா. எக்ஸெலில் 'கிடைத்த தேதி' என்று ஒரு பத்தி சேருங்கள். மெயில் சர்வீஸில் அந்தத் தேதிக்கு அடுத்த நாள் என்று வைத்துவிடலாம். தேதி மட்டும் டிராக்கிங் பார்த்து நீங்கள்தான் போட வேண்டும். பதில் எழுதும் முகவரி உங்களுடையதாகவே இருக்கட்டும்.


மேப்பிள்தெரு | 8 பிப்ரவரி, இரவு 9.15

தங்கச்சி, மிச்சம் இருக்கிற ரெண்டில ஒண்டு எனக்கு வேணும். மெயில் போட்டிருக்கிறன், பாருங்கோ.